நாடகம் பார்க்கிற வேலை

அந்தச் செயற்றிட்டத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஹட்டனில் புறப்பட்ட பஸ் நோர்வூட்டைத் தாண்டிவிடும். ‘காலநிலை மாற்றம் மற்றும் நிலைபேறான அபிவிருத்தி சார்ந்து இயங்கும் இளம் கலைத் தொழில்வாண்மையாளரை வலுவூட்டி ஆதரிக்கும் செயற்றிட்டம்.’ இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அதற்குத் தெரிவான பன்னிரண்டு பேரில் வினோதாவும் ஒருத்தி. மஸ்கெலியாவுக்கு மேலே ரெட்டைப்பாறைத் தோட்டத்தில், பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் ஆறு பேரைச் சேர்த்து வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். தெரிவுக் கடிதத்தை, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்று வாசித்துக் காட்டினாள். கடைசிக் காம்பரா அறையில் குடியிருந்த பேச்சியம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப இனிமே ஒன்ன என்னானு கூப்புடணும் புள்ள?”

“வினோதானே கூப்புடுங்க அத்தை.”

“நல்லதாப் போச்சு. எனக்குப் பல்லு வேற இல்ல.”

வினோதா விண்ணப்பம் போட்டது புகழுக்காக அல்ல, ஒரு கானுக்காக. மலைச்சரிவில் மழைத் தண்ணீரை ஒதுக்கி ஓடைக்கு அனுப்ப வெட்டி வைக்கும் வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பெயர். லயத்துக்கு மேலே எட்டாம் நம்பர் மலையில் ஓடிய பெரிய கான் மண்ணும் மானாப் புல்லும் அடைத்து இரண்டு வருடமாகிவிட்டது. போன வருடம் ஜூன் மழையில் தண்ணீர் ஓடைக்குப் போக வழி தெரியாமல் நேரே கீழே இறங்கி, பேச்சியம்மாவின் காம்பராவுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேற்றைக் கொண்டுவந்து வைத்தது. பகல் நேரம், எல்லோரும் மலையில் வேலைக்கு நின்றார்கள். ஆகவே செத்தது இரண்டு கோழிதான். இந்த வருடம் கானுக்குக் கீழே நிலமே வாய் பிளந்து, நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதற்கு நேர் கீழே பத்துக் காம்பரா, நாற்பத்தேழு பேர். அந்தப் பட்டியலில் வினோதாவும் அவளுடைய அம்மாவும் அடக்கம்.

அவள் சொல்லாத இடமில்லை. கணக்கப்பிள்ளை செல்லசாமியிடம் சொன்னாள். அவர் தனக்கு மேலே இருந்த கண்டாக்கையாவிடம் சொன்னார். கண்டாக்கையா தோட்டத்து மனேஜரான தொரையிடம் சொன்னார். தொரையின் பதிலும் அதே படிகளில் இறங்கி வந்தது. பங்களாவில் அது ‘பார்க்கலாம்’ என்று புறப்பட்டது. கண்டாக்கையா வாயில் ‘இப்போது கான் வெட்ட ஆள் இல்லை’ என்றாயிற்று. செல்லசாமி வாய்க்கு வந்து சேர்ந்தபோது, “போய் வேலையப் பாரு புள்ள!” என்று இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் மட்டும் மரியாதையாகப் பேசினார். தேர்தல் முடிந்த கையோடு கவனிப்பதாகச் சொன்னார். எந்தத் தேர்தல் என்பதை அவர் சொல்லவில்லை.

கடிதத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள், ஆனால் நாடகம் என்றால் நாற்காலி போட்டு உட்காருவார்கள் என்று வினோதா கணக்குப் போட்டாள். நாற்காலியில் உட்காருகிறவர்களில் இரண்டு வெள்ளைக்காரர் இருந்தால் தொரையும் பக்கத்தில் உட்காருவார். அவ்வளவுதான் அவளுடைய கலைக் கொள்கை.

பயிற்சிப் பட்டறை நுவரெலியாவில், பெரிய ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் நடந்தது. பூமி சூடேறுவதை விளக்கிய மண்டபத்தில் குளிர் தாங்காமல் இரண்டு கணப்பு எரிந்தது. விளக்கியவர் சுகிர்தன், செயற்றிட்ட இணைப்பாளர், யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் அலுவலகம் வைத்திருந்தார். அவர் அணிந்திருந்த மேலங்கியில் பதினொரு பைகள் இருந்தன. ஒன்றிலும் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

“எங்கட கருப்பொருள், கடல் மட்டம் உயர்தல்” என்றார்.

வினோதா கையைத் தூக்கினாள். “சார், எங்க பக்கம் கடல் இல்லீங்க.”

“அதுதான் பிள்ளை பிரச்சினை. கடல் இல்லாத சனத்துக்குத்தான் கடலைப் பற்றின விழிப்புணர்வு குறைவு.”

உண்மையில் விஷயம் வேறு. சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக்கென்று எழுதிய திட்டம் அது. கரையோரத்தில் தொண்டு நிறுவனங்கள் நெருக்கியடித்து நிற்க இடமில்லாமல் போனதால், மலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். இடத்தின் பெயரை மாற்றியவர்கள் கடலை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சாக்கு நிறைய பென்குயின் முகமூடி கிடைத்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு வினோதாவின் குழுவில் தப்படித்த அழகன், அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றான். நாய்கள் குரைத்தன.

“என்னாடா கொக்கு இது?” என்றாள் பேச்சியம்மா.

“பென்குயின் அத்தை. பனியிலதான் குடியிருக்குமாம். இப்ப அந்தப் பனி உருகி, காலுக்குக் கீழ ஒடஞ்சு போகுதாம்.”

பேச்சியம்மா முகமூடியின் அலகைத் தொட்டுப் பார்த்தாள். “பாவம். அதுக்கும் லயந்தானா?”

அதற்குப் பிறகு பென்குயின் நாடகம் போட வினோதாவுக்கு மனம் வரவில்லை. அவள் கானைப் பற்றியே நாடகம் எழுதினாள். கண்டாக்கு வருகிறார், கான் வெட்ட ஆள் கூப்பிடுகிறார், ஆள் இல்லை என்கிறார்கள், தண்ணீர் வருகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. மழை ஜூனில் வரும். மே மாதம் பிறந்திருந்தது.

ஒத்திகை பார்க்கச் சுகிர்தன் வந்தார். கடைசிவரை நின்று பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதில காலநிலை மாற்றம் எங்க?”

“இதாங்க சார் அது. முந்தியெல்லாம் பதினஞ்சு நாளு நசநசன்னு பேயுற மழை, இப்ப ரெண்டே நாள்ல கொட்டிட்டுப் போயிருது. அம்புட்டுத் தண்ணியும் ஒரே நேரத்துல எறங்கினா, கான் அடச்சுக் கெடந்தா, அது எங்க போகும்?”

“அது உள்ளூர்ப் பிரச்சினை. நாங்கள் ஒரு பூகோளப் பார்வையோட...”

“பூகோளம் எங்க வீட்டுக்குப் பின்னாலதான் வெடிச்சிருக்குங்க. பாக்க வாறீங்களா?”

அழைத்துப் போனாள். பளபளக்கும் சப்பாத்தோடு சரிவில் ஏறிய சுகிர்தன் இரண்டு இடத்தில் கையூன்றினார். வெடிப்பின் அருகில் வந்ததும் சுருட்டிய குடையை அதற்குள் விட்டுப் பார்த்தார். அரைவாசி போனது. இன்னும் அழுத்தினார். கைப்பிடிவரை போனது. தரை தட்டவில்லை. குடையை மெல்ல உருவி எடுத்துக்கொண்டு கீழே திரும்பிப் பார்த்தார். தகரக் கூரைகள், கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள், அடுப்புப் புகை.

“இதைத் துரையிட்டச் சொல்லேல்லையோ?”

“சொன்னோமுங்க.”

“எழுத்தில?”

“எழுத்துலயும்.”

சுகிர்தன் குடையில் ஒட்டிய சேற்றைப் புல்லில் துடைத்தார். அதைத் துடைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

“சரி பிள்ளை. நீங்கள் கானையே செய்யுங்கோ. கான் ஓடைக்குப் போகுது, ஓடை ஆத்துக்குப் போகுது, ஆறு கடலுக்குத்தானே போகுது? அறிக்கையில கடலை நான் பார்த்துக்கொள்ளுறன்.”

மே மாத நாலாவது புதன்கிழமை நாடகம் என்று முடிவாயிற்று. வெளிநாட்டிலிருந்து மதிப்பீட்டாளர் அம்மையார் ஒருவர் கமராவோடு வருவதாகக் கேள்விப்பட்ட தொரை உடனே அனுமதி கொடுத்தார். தேயிலையை ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் அந்தக் காலத்தில் சுற்றாடல் சான்றிதழ் ஒன்றுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். சுற்றாடல் நாடகம் பார்த்த தோட்டம் என்றால் சும்மாவா? பார்வையாளர் இல்லாமல் படம் எடுபடாது என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கும் ஓர் உத்தரவு போட்டார்.

தோட்டத்தில் நாள் பெரட்டோடுதான் விடியும். காலையில் எல்லோரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று சொல்வார். சொன்ன வேலைக்குச் சொன்னவர்கள் போவார்கள். அந்தப் புதன்கிழமையும் செல்லசாமி வழமைபோல் தொடங்கினார்.

“நாலாம் நம்பர், கொழுந்து! ஆறாம் நம்பர், மருந்தடி! பெரட்டுக் களம்...” அவர் காகிதத்தைக் கண்ணருகில் கொண்டுபோய் மீண்டும் பார்த்தார். “பெரட்டுக் களம், நாடகம் பாக்குற வேலை. இருபது பேரு.”

வாய்க்குப் பஞ்சமில்லாத ராக்காயிதான் கேட்டாள். “ஐயா, அதுக்கு முழுப் பேரா, அரைப் பேரா?” அவள் கேட்டது ஒரு நாள் வேலையாக எழுதுவார்களா, அரை நாளாகவா என்று.

“முழுப் பேருதான். தொரை உத்தரவு. பாதியில எந்திரிச்சுப் போனா அரைப் பேரு.”

“தூங்கினா?”

“ஏ, வாய மூடு புள்ள!”

கொழுந்து கொட்டும் காலத்தில் கொழுந்தெடுக்கிறவர்களை நாடகத்துக்கு விட முடியாது. ஆகவே மண்வேலை, புல்வேலைக்கு வந்த சில்லறை வேலையாட்களில் இருபது பேரைச் செல்லசாமி பிரித்தெடுத்தார். அவர்கள் மண் வெட்டும் மம்பட்டியையும் புல் செதுக்கும் சொரண்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அன்றைய வேலையை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. மெத்தை போட்ட நாற்காலிகளில் அம்மையார், தொரை, சுகிர்தன் என்று வரிசையாக அமர்ந்தார்கள். கண்டாக்குத் தொப்பியும் அரைக்கால் சட்டையும் மாட்டிக்கொண்டு தயாராக நின்ற வினோதாவின் கையில் செல்லசாமி பட்டியலைத் திணித்தார்.

“நீயே கூப்புட்டு அடையாளம் போட்டுரு புள்ள. நான் தொரைக்குப் பக்கத்துல நிக்கணும்.”

அழகன் தப்பை முழக்கினான். வினோதா களத்தின் நடுவே வந்தாள். பட்டியல் கையில் இருந்ததால் நாடகத்தையும் வருகைப் பதிவையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று, கண்டாக்கின் குரலிலேயே பேர் கூப்பிட்டாள்.

“இராமையா!”

“இருக்கேங்க!”

“ராக்காயி!”

“இருக்கேங்க தொரைச்சாமி!” சிரிப்பு.

இருபது பேரும் பதில் சொல்லி முடித்தார்கள். இனி நாடகத்தின் முதல் வசனம். வினோதா தொப்பியைச் சரிசெய்து, கையை மேலே நீட்டிக் கத்தினாள்: “எட்டாம் நம்பர் மலை! கான் வெட்டு! மம்பட்டியோட கெளம்பு!”

எழுதியபடி பார்த்தால், இந்த இடத்தில் யாரும் அசையக்கூடாது. குழுவில் இருவர் முன்னால் வந்து ‘ஆள் இல்லீங்க’ என்று சொல்ல வேண்டும். ஆனால் இராமையா எழுந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பத்திரண்டு வருடம் பெரட்டில் நின்றவர். பேர் கூப்பிட்டால் ‘இருக்கேங்க’ என்பதும், வேலை சொன்னால் எழும்பிப் போவதும் அவருடைய வாயும் காலும் அவரைக் கேட்காமலே செய்யும் காரியங்கள். மம்பட்டியைத் தோளில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். எட்டாம் நம்பர் மலையைப் பார்த்து நடந்தார்.

“அக்கா, அவரு நெசமாவே போறாரு” என்றான் அழகன், தப்புக்குப் பின்னாலிருந்து.

வினோதா அவரைத் திருப்பிக் கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்தவள் பெரட்டுக் களத்தைச் சுற்றிப் பார்த்தாள். மம்பட்டி, சொரண்டியோடு இருபது ஆள். முழுப் பேர் எழுதியாகிவிட்டது. தொரை, விருந்தாளி முன்னால், மெத்தை நாற்காலியில். இரண்டு வருடமாக எத்தனை கடிதத்தில் கெஞ்சிக் கேட்டாளோ அது முழுவதும் கண்முன்னே குந்தியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு முன்னிலும் பலமாகத் திறந்தாள்.

“மத்த பத்தொம்போது பேரும் என்னாத்துக்கு உக்காந்திருக்கீங்க? பேரு கூப்புட்டாச்சுல்ல? கெளம்பு, கெளம்பு!”

ராக்காயி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். அவளுடைய வீடும் அதே லயத்தில்தான்.

“எந்திரிங்கடி” என்றாள் சொரண்டியை எடுத்துக்கொண்டு. “பாதியில எந்திரிச்சாத்தானே அரைப் பேரு? நாம நாடகத்துக்கு உள்ளயே போயிருவோம்.”

இருபது பேரும் ஏறினார்கள். பின்னாலேயே தப்பு, பின்னாலேயே கண்டாக்குத் தொப்பி. அம்மையார் நாற்காலியிலிருந்து எழுந்து கமராவை முடுக்கினார். என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுகிர்தனுக்கும் தெரியாது. ஆனால் தெரியாத காரியத்துக்குப் பெயர் வைப்பதுதானே அவருடைய தொழில்? பங்கேற்பு அரங்கு என்றார். அம்மையார் ஆனந்தமடைந்து தானும் சரிவில் ஏறத் தொடங்கினார்.

தொரை பல்லைக் கடித்துக்கொண்டு செல்லசாமி பக்கம் சாய்ந்தார். “என்னா இது? யார் கான் வெட்ட சொன்னது?”

“நாடகந்தாங்க தொரை.”

“நாடகத்துல எப்பிடி நெச மண் வருது?”

செல்லசாமி வழமைபோல் பட்டியலைப் பார்க்கக் கையைத் தூக்கினார். பட்டியல் அவரிடம் இல்லை.

மதியத்துக்குள் கானில் மூன்றில் ஒரு பங்கு திறந்துவிட்டது. வினோதாவும் வெட்டினாள். வெட்டிக்கொண்டே யோசித்தாள். சாப்பாடு முடிந்து வேன் வளைவைத் தாண்டியதும் செல்லசாமி வருவார், ஆட்களை இறக்குவார். பாதி வெட்டிய கான், வெட்டாத கானைவிட மோசம். தண்ணீர் முழுவதையும் சேர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில், வெடிப்புக்கு மேலேயே, கொட்டிவிடும். அவள் மம்பட்டியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். வேனடியில் நின்ற சுகிர்தனைப் பிடித்தாள்.

“சார், இன்னும் ரெண்டு நாளு வேணும். அந்தம்மா திரும்பி வர்றேன்னு சொன்னா தொரை நிப்பாட்ட மாட்டாரு.”

“பிள்ளை, அது செய்யேலாது. அவ வெள்ளிக்கிழமை கொழும்பில நிக்கவேணும்.”

“நிக்கட்டுங்க. நாங்க எங்க நிக்கிறதுனு சொல்லிட்டுப் போங்க.”

சுகிர்தன் அவளைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. மேலங்கியின் பைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பதில் எதிலும் இல்லை. பிறகு அம்மையாரிடம் போய், தொரைக்கும் கேட்கும்படி சத்தமாக ஆங்கிலத்தில் சொன்னார்: இது மூன்று நாள் நாடகம். இன்று முதல் அங்கம். முடிவு வெள்ளிக்கிழமை. முடிவைப் பார்க்காதவர் நாடகத்தைப் பார்த்ததாகாது. முழுப் பொய். ஆனால் வலுவூட்டல், நிலைபேறு, பூகோளம் எதுவும் கலக்காமல் சுகிர்தன் அந்த வருடத்தில் பேசிய முதல் பேச்சும் அதுதான். அம்மையார் நாட்குறிப்பை எடுத்து எதையோ வெட்டி எதையோ எழுதினார். தொரை எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

வியாழக்கிழமைப் பெரட்டில் செல்லசாமி யார் முகத்தையும் பார்க்காமல் வாசித்தார். “நாடகம் பாக்குற வேலை, ரெண்டாம் நாளு. இருபது பேரு.” நாற்பது பேர் முன்னால் வந்தார்கள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பேச்சியம்மாவும் வெறுங்கையால் மண் அள்ளினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மழை வந்தது. ஜூனுக்குக் காத்திருக்கவில்லை. அதுவும் நசநசக்கும் மழையல்ல; அண்டாவைக் கவிழ்த்தது போன்ற மழை. ஓடையைச் சேர இன்னும் பத்து முழம் பாக்கி. அந்தப் பத்து முழத்தை அவர்கள் கண் தெரியாமல் வெட்டினார்கள். இராமையா கடைசிக் கட்டியைத் தூக்கி எறிந்ததும் கலங்கல் தண்ணீர் உறுமிக்கொண்டு வந்தது. ஒரு கணம் தயங்கியது. திரும்பி ஓடையில் விழுந்தது.

வேன் அப்போதுதான் வந்து சேர்ந்தது. தொரை குடை பிடிக்க, அம்மையார் கானோரம் வந்து மேடை எங்கே என்று கேட்டார். சுகிர்தன் தண்ணீரைக் காட்டினார். அம்மையார் உருகிப்போய்க் கைதட்டினார்.

தட்டி முடிவதற்குள், பேச்சியம்மா வீட்டுக்கு மேலே இருந்த வளைவில், புது மண்ணால் கட்டிய கரை கரையத் தொடங்கியது. வினோதா கானுக்குள் குதித்து முதுகை அதற்குக் கொடுத்து நின்றாள்.

“கல்லு! கல்லு கொண்டாங்க!”

எல்லோரும் கல்லுக்கு ஓடினார்கள். பேச்சியம்மா தூக்க முடியாமல் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். வழியில் நின்ற அம்மையாரைப் பார்த்தாள்.

“கைதட்டுனது போதுந்தாயி. அந்தப் பக்கம் புடி.”

மொழி புரியாவிட்டாலும் கல் புரிந்தது. அம்மையார் கமராவைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பிடித்தார். சுகிர்தன் அடுத்த கல்லைத் தூக்கினார். மெத்தை நாற்காலிக்காரர்களில் வெறுங்கையோடு நின்றது தொரை ஒருவர்தான். விருந்தாளி கல் சுமக்கும்போது அது பார்க்க அழகாக இல்லை. அவரும் குடையைச் செல்லசாமியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். கல்லுக்கு மேல் கல், இடையில் புல்லுக் கட்டி, அதற்கு மேல் மண். அரை மணி நேரத்தில் கரை நின்றது. கீழே பத்துக் காம்பராவின் கூரையிலும் மழை விழுந்தது. வாசலுக்கு ஒரு சொட்டுச் சேறு வரவில்லை.

வினோதா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி மூச்சு வாங்கினாள். முகத்தைத் துடைத்தாள். கரையில் நின்ற தொரையை நிமிர்ந்து பார்த்தாள்.

“தொரை, வெடிப்ப மூடணுமுங்க. அப்புறம் அஞ்சாம் நம்பர் லயத்துக்கு மேலயும் ஒரு கான் அடச்சுக் கெடக்கு. நான் இன்னொரு நாடகம் எழுதவா, நீங்களே ஆள் போடுறீங்களா?”

தொரை அம்மையாரைப் பார்த்தார். அம்மையார், அவள் என்ன சொன்னாள் என்று சுகிர்தனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சுகிர்தன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார்.

“செல்லசாமி!” என்றார் தொரை அவசரமாக. “திங்கக்கெழம சில்லறை வேலைக்கு எத்தனை ஆள் இருக்கு?”